ஆறாவது அட்டை

விருந்தினர் விடுதி வேலையில் வருகிறவர்களைவிடப் போகிறவர்கள்தான் முக்கியம். போகும்போது அவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. அப்படி ஒருவர் என்னைப்பற்றி நாலு வரி நல்லதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அந்த நாலு வரியால் எனக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது, வேலையும் தங்கியது. ஆனால் அந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலே அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேல் கூட்டுறவுச் சங்கக்கடையில் தலையை நிமிர்த்தாமல் சீனி நிறுத்தவன். சங்கக்கடை மூடப்பட்டபின், ஐம்பத்திரண்டாவது வயதில், வட்டுக்கோட்டையில் எட்டு அறைகள் உள்ள ஒரு விடுதியில் வரவேற்பு மேசைக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் விடுதி கைமாறியது. புது முதலாளி இலண்டனில் இருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வட்ஸ்அப்பில் எடுத்து, "அண்ணை, முன்மேசையிலை இருக்கிறவருக்குச் சான்றிதழ் கட்டாயம் வேணும். ஒரு வருசம் தாறன். இல்லாட்டில் என்ரை தங்கச்சியின்ரை மகன் சும்மாதான் நிக்கிறான்" என்றார். அப்படித்தான் நான் விருந்தோம்பல் துறைக்கான அறிமுகச் சான்றிதழுக்குத் தொலைக்கல்வியில் பதிந்தேன். ஐம்பதைத் தாண்டியபின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாடப்புத்தகம் விரித்தவர்கள் யாராவது இருந்தால், இது அவர்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

தபாலில் வந்த உபசாரம்

பாடப்புத்தகங்கள் பண்டத்தரிப்பில் உள்ள என் வீட்டுக்குத் தபாலில் வந்தன. ஆறு புத்தகங்கள், ஒரு செங்கல் அளவு பாரம். முதற்புத்தகத்தின் முதல் வசனம் இது: "விருந்தினருடனான முதல் முப்பது விநாடித் தொடர்பாடலானது நேர்மறைத் தன்மை உடையதாய் அமைதல் வேண்டும்." மூன்று தரம் வாசித்தேன். வருகிறவரைப் பார்த்துச் சிரி என்கிறார்கள் என்பது நாலாவது தரம்தான் விளங்கியது. இவ்வளவு எளிய காரியத்தை இவ்வளவு கடினமாகச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் என் விடைத்தாளையும் திருத்தப்போகிறார்கள்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று முப்பது விநாடி சிரித்துப் பார்த்தேன். பத்தாவது விநாடியிலேயே பல்வலிக்காரன் முகம் வந்துவிட்டது. பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வீட்டுக்கு வாற சனத்தை இருங்கோ எண்டு ஒரு வார்த்தை சொல்லாத மனிசன், உதுக்குப் புத்தகம் எடுப்பிச்சிருக்கிறார்."

தண்ணீர்த் தாங்கியடி வகுப்பு

சனிக்கிழமைகளில் சூமில் வகுப்பு. படிப்பித்த ரீச்சர் கொழும்பில். எங்கள் வீட்டு வளவில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தாங்கியின் அடி. அங்கே ஒரு கதிரையைப் போட்டு, வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பினால் ரீச்சரின் குரல் வரும். கிணற்றடிப் பக்கம் திரும்பினால் குரல் போய் முகம் மட்டும் நிற்கும்.

ஒரு சனிக்கிழமை தொலைபேசியில் விருந்தினரோடு கதைக்கும் முறை. குரலிலேயே சிரிப்புத் தெரியவேண்டும் என்று ரீச்சர் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். "வணக்கம், நான் உங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?" இன்னும் மலர்ச்சியாக, ஐயா என்றார். "வணக்கம், நான் உங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?" எட்டாவது தரம் சொன்னபோது கிடுகு வேலியின் பொத்தலுக்குள்ளால் பக்கத்து வீட்டுக்காரரின் தலை வந்தது. அவரோடு எனக்கு ஒரு வருடமாகக் கதைபேச்சில்லை. இருவருக்கும் நடுவே இருந்த அந்தப் பொத்தலைக் காட்டி அவர் சொன்னார்: "உதவிதான் செய்யிறதெண்டால், முதலிலை உந்த வேலியை ஒருக்கால் அடைச்சு விடுங்கோ."

கேட்டுக் கொடுத்தல்

மூன்றாவது புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. விருந்தினருக்கு எதையும் நாமாக வைக்கக்கூடாது. என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் அதுவே முடிவு. இரண்டாம் முறை கேட்பது வற்புறுத்தல். சோதனையில் இதற்கு மட்டும் பத்துப் புள்ளி.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், கொடுக்க மனமில்லை என்று அர்த்தம். கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள், வந்தவர் "ஐயோ, ஏன் உது?" என்பார், பிறகு குடிப்பார். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பத்துப் புள்ளி.

கலியாண வீட்டுக்கென்று சாவகச்சேரியிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்து இறங்கினார்கள், நல்ல வெய்யிலுக்குள்ளால். நான் புத்தகத்தில் உள்ளபடி நிமிர்ந்து நின்று, "தேத்தண்ணியா, கோப்பியா, தோடம்பழச் சாறா? தேத்தண்ணி என்றால் பாலோடையா, பாலில்லாமலா? சீனி எவ்வளவு?" என்று கேட்டேன். அந்த அம்மா மரியாதைக்கு, "ஒண்டும் வேண்டாம் தம்பி" என்றார். நான் 'வேண்டாம்' என்று படிவத்தில் குறித்துவிட்டுப் போய் மேசையில் இருந்தேன். அரை மணித்தியாலம் அவர்கள் சமையலறை வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு பெரியவர் எழும்பி என்னிடம் வந்தார். "தம்பி, தர விருப்பமில்லையெண்டால் நேரை சொல்லலாம். உப்பிடிப் பட்டியல் வாசிக்கத் தேவையில்லை."

கட்டில் விரித்தல்

நான்காவது புத்தகத்துக்குச் செய்முறை. கட்டில் விரிப்பதை வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். எடுத்தவர் பாக்கியம் அக்கா. எங்கள் விடுதியின் எட்டு அறைகளையும் துப்புரவாக்குபவர் அவர்தான். மயிலிட்டி ஆள். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து எத்தனை முகாம், எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை உறவினர் வீடு என்று மாறினாரோ, எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. ஒரு கட்டிலை மூன்று நிமிடத்தில் விரித்துவிடுவார். நான் இருபது நிமிடம் எடுத்தேன். விரிப்பின் மூலையை நாற்பத்தைந்து பாகையில் மடிக்கும்போது மற்ற மூலை கழன்றது. அதைப் பிடிக்கக் கட்டிலில் ஏறினேன்.

வீடியோவோடு ஒரு குறிப்பும் எழுதவேண்டும். "எனக்குக் கீழுள்ள உதவிப் பணியாளர் ஒருவருக்கு இம்முறையைப் பயிற்றுவித்தேன்" என்று எழுதி, அதை அவருக்கே வாசித்தும் காட்டினேன். ஏன் வாசித்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அவர் போனை என்னிடம் நீட்டினார். "பாய் விரிக்கவும் சுருட்டவும் ஆரும் எனக்குப் பழக்கத் தேவையில்லைச் சிவண்ணை. நீங்கள் முதலிலை கட்டிலாலை இறங்குங்கோ."

ஐந்து படி

பாக்கியம் அக்கா காய்ச்சலோடு இருந்த வாரம் அறை வேலையும் என் தலையில் விழுந்தது. அவர் வீட்டுக்கும் போகவில்லை. துணி அடுக்கும் அறையில் ஒரு பாயில் சுருண்டு கிடந்தார். நான் மேசையில் இருந்து, குறைகேட்கும் முறையைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். செவிமடு, மன்னிப்புக் கேள், காரணம் அறி, தீர்வு சொல், நன்றி கூறு. மறந்துவிடும் என்று உள்ளங்கையிலும் எழுதி வைத்திருந்தேன்.

கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சுடுதண்ணி வரவில்லை என்றார். நான் எழும்பி நின்று செவிமடுத்தேன். நிர்வாகத்தின் சார்பிலும் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்டேன். காரணம் அறிவதற்காக எந்தக் குழாய், எப்போதிருந்து, எவ்வளவு குளிர் என்று விசாரித்தேன். உள்ளங்கையைப் பார்த்து அடுத்த படிக்கு வருவதற்குள் ஆள் இல்லை. தீர்வோடு நான் அறைவாசலுக்குப் போனபோது தலையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "அண்ணை, நீங்கள் மன்னிப்புக் கேட்டு முடியிறதுக்குள்ளை நான் பச்சைத்தண்ணியிலை குளிச்சு முடிச்சிட்டன்."

எல்லாம் நல்லம்

கடைசியாக வந்தது அட்டை. விருந்தினர்கள் தங்கள் கையாலேயே எழுதிய ஆறு கருத்து அட்டைகளை அனுப்பினால்தான் சான்றிதழ். எங்கள் சனத்திடம் எழுத்து வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "எல்லாம் நல்லம்" என்று வாயால் சொல்வார்கள். பேனையை நீட்டினால், ஏதோ காணி உறுதிக்குக் கையெழுத்துக் கேட்டதுபோலப் பின்னுக்குப் போவார்கள். ஒருவர் அட்டையில் வெற்றிலையை மடித்துக்கொண்டு போனார். ஒருவர் முழுப் பக்கத்துக்கும் வீதி திருத்தாததைப்பற்றி எழுதினார். அதையும் ஒன்றாகக் கணக்கில் சேர்த்தேன். வியாழக்கிழமை வரை ஐந்து. வெள்ளிக்கிழமையோடு தவணை முடிகிறது. முதலாளி நினைவூட்டினார்: "மருமகனுக்கு வேலைக்குப் போட்டுவரச் சப்பாத்தும் வாங்கியாச்சு அண்ணை."

மூன்றாம் அறைக்காரர்

அந்த வியாழன் காலை நான் வேலைக்கு வர, மூன்றாம் அறைக்காரர் போய்விட்டிருந்தார். கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர். இரண்டு நாளில் என்னோடு பேசியது ஒரேயொரு தரம். அவர் போகும்போது கூப்பிட்டுக் கொடுத்தாராம் என்று பாக்கியம் அக்கா ஒரு அட்டையைத் தந்தார். பெரிய பெரிய எழுத்தில், அழுத்தி எழுதியிருந்தது:

"எனக்குச் சுகமில்லாத நேரம் முன்மேசை ஐயா நான் கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். பிறகு வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். மறக்கமாட்டேன்."

அவர் என்னோடு பேசிய அந்த ஒரேயொரு தரம் சொன்னது, "எனக்கு வயித்துப்புண், தேத்தண்ணி குடிக்கிறேல்லை, சுடுதண்ணி மட்டும் போதும்" என்பது. அட்டையைக் கையில் வாங்கிய அந்த நிமிடமே அது எனக்கு ஞாபகம் வந்தது. பிறகுதான் வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஞாபகம் வந்தது, அட்டையை உறைக்குள் வைத்தேன், ஒட்டினேன், பேருந்தில் அனுப்பினேன். கடைசி வகுப்பில் ரீச்சர் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். மூன்றாவது புத்தகத்தின் பத்துப் புள்ளி விதி அவருக்கே மறந்துபோய்விட்டது. "இது பாடத்தில் இல்லாதது. ஐயாவைப் பார்த்து நாங்கள் எல்லாரும் பழகவேணும்."

கடைசி நாள்

சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் தலைக்கு மேலே தொங்குகிறது. முதலாளியின் மருமகன் அந்தச் சப்பாத்தோடு வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டான். வருடத்தில் இரண்டு மூன்று தரமாவது நான் பாக்கியம் அக்காவிடம் கேட்பேன், "அக்கா, அதை அந்த மனிசன்தான் எழுதினவரோ?" அவர் கூட்டுகிற தும்புத்தடியை நிறுத்தாமலே சொல்வார், "ஓம், ஓம், எழுதித்தான் தந்தவர். உங்களுக்கு வேறை வேலை இல்லையே?" அக்காவின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை, வேலையாட்களின் வரவுப் புத்தகத்தில் கையெழுத்தென்று அவர் வைப்பது ஒரு சுழிதான்.

போன மாதம் அவர் வேலையை விட்டார். முழங்கால் ஏலாது. கடைசி நாள் மத்தியானம், பையைக் கட்டிவைத்துக்கொண்டு துணி அடுக்கும் அறையில் வாகனத்துக்குக் காத்திருந்தார். அந்த வாசலில் அவரைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடமும் பிழையான ஆளைப்பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன் என்று பட்டது. அட்டையை யார் எழுதினார் என்றே மண்டையை உடைத்தேனே தவிர, அதில் சுகமில்லாமல் கிடந்தது யார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அந்தக் காய்ச்சல் வாரம் நானும் இதே வாசலுக்கு வந்தேன், கையில் புத்தகத்தோடு. "அக்கா, ஏதும் குடிக்க வேணுமோ?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். விதிப்படி அதுவே முடிவு. நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விட்டேன். அவரோ ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குக் கேட்காமலே என் மேசையில் தேத்தண்ணி வைத்தவர்.

சமையலறைக்குப் போய் நானே ஊற்றினேன். சீனிப் போத்தலைத் திறந்தபிறகுதான், அவர் எத்தனை கரண்டி போடுவார் என்பதே எனக்குத் தெரியாது என்று விளங்கியது. போய்க் கேட்டால் பழைய கதைதான். இரண்டு போட்டுக் கலக்கிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். "ஐயோ, ஏன் உது சிவண்ணை?" என்றார், ஆனால் எடுத்தார். விருந்தோம்பலை ஆறு புத்தகத்தில் படித்துச் சான்றிதழும் வாங்கிய ஒருவன் கேட்காமல் பரிமாறிய முதல் தேத்தண்ணி அதுவாகத்தான் இருக்கவேண்டும். அவர் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்:

"அக்கா, அந்த அட்டையிலை இருந்த தேத்தண்ணி, நான் ஆருக்குக் கொண்டுவந்து தந்திருக்கவேண்டிய தேத்தண்ணி?"