தொட்டால் கத்தும் வண்டி

பெரியப்பா குளிக்கப் போகும்போதும் அந்தக் கார் ரிமோட்டைக் கழற்ற மாட்டார். கழுத்துச் சங்கிலியில் ஒரு வளையம் போட்டு மாட்டியிருந்தார். பாதித் தீப்பெட்டி அளவில் கறுப்பாக, ஒரு சிவப்புப் பொத்தானும் ஒரு சாம்பல் பொத்தானுமாக இருக்கும். தண்ணீர் படாமலிருக்க அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. உறையோடு மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு சோப்புப் போடுவார். பக்கத்திலேயே தொங்கிய சாமி டாலரைவிட அதைத்தான் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார். அவரை நினைத்தால் எனக்கு அந்தக் கோலம்தான் முதலில் வருகிறது. நல்லதாக ஏதாவது நினைக்கலாமென்று முயன்றும் பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

ஆரணியில் எங்களுக்குப் பட்டுச் சேலைக் கடை. தாத்தா போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்துவதாக ஊரில் பேச்சு. நடத்தியவர் பெரியப்பா, ஓடியவர் அப்பா. தறிக்காரர் வீடுகளுக்குப் பாவு நூலும் பட்டும் கொண்டுபோய்க் கொடுப்பது, நெய்த சேலையை வாங்கி வருவது, கல்யாணக் கூட்டம் வந்தால் மூட்டை மூட்டையாகப் பிரித்துக் காட்டி மறுபடி மடிப்பது எல்லாம் அப்பா. கல்லாவில் உட்காருவது மட்டும் பெரியப்பா. தொண்ணூறுகளின் கடைசியில் கடைப் பெயரில் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார்கள். அப்பாதான் ஓட்டக் கற்றுக்கொண்டார். பெரியப்பாவுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும். அந்த ஒரு விஷயத்தில் தம்பி தன்னை மிஞ்சிவிட்டது அவருக்கு ஆறவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் அம்மாவையும் காரில் தேவிகாபுரம் கோயிலுக்கு அழைத்துப்போனார். பெரியப்பாவிடம் கேட்கவில்லை. நாங்கள் திரும்பியபோது அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுவாரம் வேலூரிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன் வந்தான். கார்த் திருட்டு அதிகமாகிவிட்டது, அதனால் அலாரம் வைக்கிறோம் என்று பெரியப்பா தெருவெல்லாம் சொன்னார். எங்கள் தெருவில் கார் வைத்திருந்தது எங்கள் வீடு மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு போகக்கூடியவர் அப்பா ஒருவர்தான்.

அலாரம் வைத்தது ஓர் அமாவாசையன்று. புதுப் பொருளுக்கு நல்ல நாள் என்று பெரியப்பாவே குறித்தது. எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறிகளுக்கு விடுமுறை. எலக்ட்ரீஷியன் நாள் முழுக்கக் காரின் வயிற்றுக்குள் தலையை விட்டு ஒயர்களை இழுத்து, பேனட்டுக்கு அடியில் சைரனைப் பூட்டினான். லேசாகத் தட்டினால்கூடக் கத்த வேண்டும் என்று பெரியப்பா சொன்னபடியே வைத்தான். ஓசையில்லாத தெருவில் விரலால் தட்டிக் காட்டினான். கார் அலறியது. பெரியப்பா குழந்தைபோலக் கை தட்டினார். இரண்டு ரிமோட் வந்திருந்தன. ஒன்று சங்கிலிக்குப் போயிற்று, இன்னொன்று இரும்புப் பெட்டிக்குப் போயிற்று. அப்பா இரண்டையும் பார்த்தார், கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டில் பவர்லூம்களை ஓட்டினார்கள். சுவர் அதிர்ந்தது, தரை அதிர்ந்தது, கார் கத்தத் தொடங்கியது. பெரியப்பா நிறுத்துவார், அது மறுபடி கத்தும். காலைச் சோறு உண்டு முடிப்பதற்குள் தெருவே எங்கள் வாசலில் நின்று சிரித்தது. சைக்கிளில் பால் கொண்டுவருபவர், "இன்னா மொதலாளி, வண்டிக்கு வயித்து வலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மாதத்திலிருந்து எங்களுக்கு வேறு இடத்துப் பால்.

எலக்ட்ரீஷியன் திரும்பி வந்தான். நான் மோர் எடுத்துப்போனபோது அவன் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியில் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான். அப்பா டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தெருவுல இது வேலைக்கி ஆவாதுங்க. அதிர்ச்சி பாக்கறத முழுசா மூடிட்டேன். இனிமே தட்டுனாலும் கத்தாது, கதவத் தொறந்தா தான் கத்தும். இல்லன்னா நீங்க செவப்பு பட்டன அமுக்கணும்" என்றான்.

பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "மூடனது நம்மளோட இருக்கட்டும். தொட்டா கத்தும்னே ஊரு நெனச்சிகினு கெடக்கட்டும்" என்றார்.

ஊர் அப்படியே நினைத்தது. பிள்ளைகள் காரை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். மாடுகளைக்கூட எட்ட ஓட்டிப்போனார்கள். அப்பா மட்டும் தினமும் காலையில் ஈரத்துணியால் பேனட்டிலிருந்து பின்பக்கம் வரை அழுத்தித் துடைப்பார். ஒருநாள்கூட அது முனகியதில்லை. கதவைத் திறக்க முடியாத வண்டியை அவர் அவ்வளவு ஆசையாகத் துடைத்ததைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருடம் என்னைப் பெண் பார்க்கக் கலசப்பாக்கத்திலிருந்து வந்தார்கள். நான் பட்டப்படிப்பு முடித்திருந்தேன். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. என்ன படித்தாய் என்று எல்லோரும்தான் கேட்பார்கள், அவர் மட்டும் நான் பதில் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் பேச்சு முழுக்கப் பெரியப்பாதான். கொஞ்ச நேரத்தில் மாடியில் போன் அடித்ததும் எழுந்து போனார். அவர் தலை மறைந்ததும் அப்பாவுக்கு உயிர் வந்தது. நம்ம கடை, நம்ம தறிக்காரங்க என்று பேச ஆரம்பித்தார். அவர் வாயிலிருந்து அத்தனை 'நம்ம' ஒரே நாளில் நான் கேட்டதில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அப்பா அவர்களோடு தெருவுக்கு வந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

"எதுக்குங்க பஸ்சுக்கு நிக்கணும்? நம்ம வண்டி சும்மா தான நிக்குது. அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு நானே கொண்டாந்து வுட்டுர்றேன்" என்று சொல்லிக்கொண்டே, காலையில் துடைத்த அதே பேனட்டின் மேல் உரிமையோடு கையை வைத்தார்.

கார் அலறியது. அப்பா துள்ளிப் பின்னால் விழப் போனார். ஒரு செருப்பு கழன்று சாக்கடையில் விழுந்தது. மாடி ஜன்னலிலிருந்து பெரியப்பாவின் குரல் சைரனுக்கு மேலே கேட்டது.

"டேய், எத்தினி வாட்டி சொல்லிகினு இருக்கறது! வண்டியத் தொடாதன்னு! வந்தவங்க முன்னாடி மானம் போவுது பாரு!"

அப்பா மாடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "இல்லண்ணா, தெரியாம பட்ருச்சிண்ணா" என்றார். அதன் பிறகுதான் சத்தம் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா சாக்கடையையும் ஒற்றைச் செருப்பையும் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, நாங்க பஸ்லயே போய்க்கறோம்" என்றார். மாப்பிள்ளை தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டொரு நாளில் தரகர் வந்தார். "பொண்ணு தங்கம்ன்றாங்க. ஆனா நாளைக்கி ஒரு நல்லது கெட்டதுன்னா யார்கிட்ட பேசறதுன்னு கேக்கறாங்க. சொந்த வண்டிய தொட்டதுக்கே கும்புடு போடறவர்கிட்ட இன்னாத்த பேசறது?" என்றார். அப்பாவை வைத்துக்கொண்டுதான் சொன்னார். பெரியப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருடைய ரிமோட் குலுங்கியது. என் கல்யாணத்தின் மேல் அவருக்கு விரோதம் எதுவும் இருந்திருக்காது. தம்பி வாயில் 'நம்ம' என்று வந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

தரகர் போனதும் நான் அப்பாவைப் பின்கட்டில் பிடித்தேன். "தொட்டா கத்தாதுன்னு ஸ்க்ரூவ மூடிட்டாங்களேப்பா. நீங்க தான டார்ச் அடிச்சீங்க? பெரியப்பா தாம்ப்பா மேலருந்து அமுக்கனாரு" என்றேன்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லம்மா. பக்கத்துத் தறி அதிர்ச்சில அந்த ஸ்க்ரூ தன்னால கழண்டுருக்கும். நாளெல்லாம் அதிர்ந்துகினே தான கெடக்குது? அண்ணன் அப்பிடி செய்வாராம்மா?" என்றார்.

நான் கத்தியிருக்கலாம். கத்தி ஆவது ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததோடு அந்த வீட்டில் வாழ முடியாது என்பதால் ஸ்க்ரூவின் மேல் பழியைப் போட்டார். அதன்பின் ஒருநாளும் அவர் காரைத் துடைக்கவில்லை. எங்கள் தெரு குறுகல்தான், ஆனாலும் காருக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒருவர் தாராளமாகப் போகலாம். அப்பா அங்கே வந்ததும் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுவரோடு முதுகை ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்து போவார். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அப்படித்தான். பெரியப்பாவுக்கு அது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. வியாபாரிகள் வந்திருந்தால், "ஒரு வேடிக்க காட்டறேன் பாருங்க" என்று சொல்லி, அப்பா பாதி வழியில் இருக்கும்போது சிவப்பை அமுக்குவார். அப்பா சுவரில் அப்பிக்கொண்டு நிற்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். பட்டு வாங்க வந்தவர்கள் சிரிக்காமல் எப்படி இருப்பார்கள்?

பின்னர் எனக்கு வேலூரில் ஒரு வரன் அமைந்தது. அதைப் பேசி முடித்தவரும் பெரியப்பாதான். கல்யாணத்தில் அப்பாவுக்கு என் கையைப் பிடித்துக் கொடுக்கிற வேலை மட்டும் மிச்சம் இருந்தது.

பெரியப்பா ஒருநாள் மதியத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவ்வளவு சுலபமான சாவு அவருக்குக் கிடைத்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அழுதவர்களில் அப்பாதான் அதிகம் அழுதார். பாகம் பிரித்தபோது பெரியப்பா பிள்ளைகள் கடையை எடுத்துக்கொண்டு, ஓடாத பழைய காரை அப்பாவுக்குத் தள்ளிவிட்டார்கள். பேட்டரி செத்து வெகு நாளாகியிருந்தது, சம்மட்டியால் அடித்தாலும் அது கத்தாது. அப்பா அதில் ஒருமுறைகூட ஏறி உட்காரவில்லை. போளூர்ப் பக்கத்துப் பழைய இரும்புக்காரர் ஒருவர் கட்டி இழுத்துப்போனார்.

அதற்குப் பிறகு ஒருமுறை நான் ஆரணிக்குப் போனேன். கார் நின்ற இடம் காலியாக இருந்தது. மாலையில் அப்பா கறிகாய்ப் பையோடு தெருமுனையில் திரும்பினார். வயதாகியிருந்தது, நடை தளர்ந்திருந்தது. எங்கள் வாசல் நெருங்கியதும் நின்றார். வேட்டியைச் சுருட்டிப் பிடித்தார். எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, பையை மார்போடு அணைத்தபடி நகரத் தொடங்கினார்.

"அப்பா, வண்டி இல்லப்பா. வித்துட்டீங்களே" என்றேன்.

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, சுவர் முடிகிற இடம்வரை அப்படியே நகர்ந்து வந்தார்.