ஓய்வெடுத்த முழங்கால்

செங்கலடியில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில், விரிவுரைகள் முடிந்த பின்னேரங்களில், ஒன்றரை வருடமாகப் பதிவேடு எழுதி வருகிறேன். நான் படிப்பது இலக்கியம். முழங்காலைப் பற்றி எனக்குத் தெரிந்தவை அந்த மேசையில் கற்றவை மட்டுமே. அடுத்த மாதம் அந்த இடத்துக்கு வேறொருவர் வருகிறார். வினோஜாவின் பக்கத்தைத் திறந்தால் அவர் குழம்புவார் என்பதால் இதை எழுதுகிறேன். நானும் குழம்பினேன். இன்னும் முற்றாகத் தெளியவில்லை.

1. ஏழு

வினோஜாவுக்குப் பதினைந்து வயது. மூவாயிரம் மீற்றர் ஓடுபவள். மாகாணப் போட்டிக்கான தெரிவு ஆறு கிழமைகளில் நடக்கவிருந்தது; வயதுப் பிரிவின்படி அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. முழங்கால் சில்லைச் சுற்றி வலி. எங்கள் பிசியோதெரபிஸ்ட் பர்ஹானா மிஸ் வலியைப் பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்ணாகச் சொல்லச் சொல்வார். முதல் நாள் அவள் சொன்ன எண் நான்கு.

"ரெண்டு கிழமைக்கு ஓட வேணாம் மகள். எக்சசைஸ் மட்டும் செய்ங்க" என்றார் மிஸ்.

பதிவேட்டில் 'ஓடினாரா?' என்றொரு நிரல் உண்டு. ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் "இல்லக்கா" என்றாள். ஓட்டம் பழக்கும் கோச்சரிடமும் விசாரித்தோம், அவள் மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஆயினும் எண் ஐந்தாகி, ஆறாகி, இரண்டாம் கிழமை முடிவில் ஏழாகியது.

ஓடும்போது நான்கு, ஓடாதபோது ஏழு. நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் எழுத்தில் பிழையில்லை. அவள் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை. மிஸ்ஸும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி அந்த முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

2. ஒட்டாத டேப்

அன்று முழங்காலுக்கு டேப் போடத் தொடங்கினார். ஒட்டவில்லை. துடைத்துவிட்டு மறுபடி போட்டார். ஓரம் சுருண்டு எழும்பியது.

"என்ன புள்ள இது? கால மீன் மாதிரி ஊறவெச்சிட்டு வந்திரிக்கா!"

"மீனில்ல மிஸ், றால்" என்று சிரித்தாள் வினோஜா.

மிஸ் சிரிக்கவில்லை. அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இறாலின் முள் குத்திய சிறு காயங்கள் தெரிந்தன.

"எத்தின நாளா ஆத்துக்குப் போற?"

"ஓட்டம் நிப்பாட்டின நாள்ள இருந்து. பின்னேரம் சும்மாதானே மிஸ். அம்மாவோட போவன்."

இங்கே ஆறு என்று சொல்லப்படும் வாவியின் ஆழமில்லாத நீரில் முழங்காலிட்டு நகர்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிப்பது அவள் தாயின் தொழில். இடுப்பில் கட்டிய வாளி பின்னால் மிதந்து வரும். மூன்று மணித்தியாலம், சில நாள்களில் நான்கு.

"றெஸ்ட் எடுக்கச் சொன்னன்தானே?"

"ஓட வேணாம் எண்டுதானே சொன்னீங்க. றாலுக்குப் போக வேணாம் எண்டு சொல்லல்லயே."

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த தாயை மிஸ் உள்ளே கூப்பிட்டார். அவர் கதவருகிலேயே நின்றார்.

"நான் என்ன மிஸ் செய்யிற? ஓடுற காலத்தில இவளக் கேக்கவே மாட்டன். ஓட்டமில்ல எண்டு வீட்டில குந்தியிருந்தவள், அதான் கூட்டிப் போன. காலுக்கு நீங்க றெஸ்ட் குடுத்தீங்க. வயித்துக்கு ஆர் குடுக்கிற?"

மிஸ் டேப்பைச் சுருட்டி வைத்தார். பிறகு, "பிழை என்னிலதான். நான் ஓட்டத்த மட்டும்தான் யோசிச்சன்" என்றார். அதைப் பதிவேட்டில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அதை மட்டுமே கேட்டிருந்தேன்.

வினோஜா வாவிக்குப் போவது நிறுத்தப்பட்டது. மெதுவான ஓட்டம் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கியது. தொடைத் தசைக்கான எக்சசைஸ் தொடர்ந்தது. தாய் தனியே போனார். எண் ஐந்தானது, பிறகு மூன்று. காரணம் பிடிபட்டுவிட்டது என்று மகிழ்ந்தேன். அதே கிழமை கல்குடாவிலிருந்து இன்னொரு ஓட்டக்காரி அதே இடத்தில் அதே வலியோடு வந்தாள். அவள் வாவியில் கால் நனைத்ததே இல்லை.

3. மூன்று படி

தெரிவில் வினோஜா மூன்றாவதாக வந்தாள். மாகாணப் பட்டியலின் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள். எங்கள் வாசலில் மூன்று படிகள் உண்டு. இரண்டாவது படியில் அவளுடைய கை சுவரைப் பிடித்தது.

"இப்ப எத்தின?" என்று கேட்டேன்.

"பூச்சியம் அக்கா."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற தாயின் சீலைக்கரை இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு மாதமாக இருவருடைய வேலையை ஒருவராகச் செய்தவர். அந்தப் பூச்சியம் முழங்கால் சொன்னதா, தாய்க்காகச் சொன்னதா என்று எனக்கு விளங்கவில்லை. மாற்றி எழுத எனக்கு உரிமையில்லை. பார்த்ததை மறைக்கவும் உரிமையில்லை.

'0' என்று எழுதினேன். அதன் பக்கத்தில், 'படியில் சுவரைப் பிடித்தார்' என்று எழுதினேன். அன்றிலிருந்து அந்த நிரலுக்கு 'ஓடினாரா?' என்று நான் தலைப்பிடுவதில்லை. 'இன்று முழங்கால் என்னென்ன செய்தது?' என்று கேட்கிறேன். இந்த மேசைக்கு வரும் நீங்களும், சொன்னதும் கண்டதும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று மேசையில் இருந்துகொண்டு தீர்மானிக்க வேண்டாம்.

மிஸ் இரண்டு வரிகளையும் வாசித்தார். போட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"வாங்க மகள்" என்றார். "அந்தப் படியில இன்னொருக்கா ஏறுங்க பாப்பம். கைய இடுப்பில வெச்சிட்டு."