அரை நிமிடம் தள்ளி வரும் படம்

என் கணினிக்கு ஆட்டத்தின் படம் அரை நிமிடம் தள்ளித்தான் வரும். அங்கே கோல் விழுந்து, ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்து, பந்து நடுக்கோட்டுக்குத் திரும்பிய பிறகுதான் இங்கே தூத்துக்குடியில், என் மாடி அறையில், அந்தப் பந்தை எவனாவது உதைக்கவே போவான். நான் அதைப் பார்த்துப் பட்டன் அமுக்க வேண்டும். பாஸ் சரியா, தவறா, ஷாட் எந்தக் காலால், கீப்பர் பிடித்தானா, விட்டானா. இதுதான் இப்போது என் வேலை. தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றின் அனலிஸ்ட். மூத்தவர் ஒருவர் மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் வீட்டிலிருந்து பார்க்கும் ஆள்.

அதற்கு முன்னால் பல வருடம் ஹாக்கி கோச்சாக இருந்தேன். பள்ளித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, போனில் ஆட்டத்தைப் படம்பிடித்து, பையன்களுக்குப் போட்டுக் காட்டுவேன். அந்தப் பைத்தியம்தான் இங்கே கொண்டுவந்து விட்டது. பள்ளியில் ஹாக்கியை நிறுத்தியதும் ஆன்லைனில் ஒரு கோர்ஸ் படித்தேன், வேலை கிடைத்தது. தெருமுனை டீக்கடைக்காரர் இன்னும் விடுவதில்லை. “அண்ணாச்சி மட்டைய வித்து மவுஸ் வாங்கிட்டாவ” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நானும் சிரிப்பேன். ஆனால் தொண்டையால் பிழைத்தவனுக்கு வாயைத் தைத்துவிட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அந்த அணியின் கோல்கீப்பர் வேம்பார்க்காரன். பள்ளியில் என்னுடைய ஹாக்கி கோல்கீப்பர். ஊரில் எல்லோரும் கால்பந்து ஆடுவார்கள் என்பதால் அதுவும் அவனுக்கு வரும். பள்ளி முடித்துக் கால்பந்துக்குப் போனவன், மேலே மேலே ஏறி, கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த அணியிலேயே இருந்தான். பட்டியலில் அவன் முகத்தைப் பார்த்த அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. ஒரு சீசன் ஒப்பந்தம்தான். நன்றாக ஆடினால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் அப்பாவோடு மீன்பிடிக்கப் படகுக்குப் போக வேண்டியதுதான்.

ஹாக்கி கோல்கீப்பருக்குத் தாழ்வாக வரும் பந்துக்குக் கால்தான் முதலில் போக வேண்டும். காலில் கனமான காப்புப் பேடு கட்டியிருப்பான். குனிந்து கையை நீட்டுவதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். அந்தப் பழக்கத்தில் பேடு இல்லாமல் நின்றாலும் அவனுக்குக் கால்தான் முந்தும். கால்பந்திலும் அவன் அப்படித்தான் நிறுத்தினான். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் பந்து நின்றுவிடும்.

சீசன் பாதியில் புதிய தலைமைக் கோச் வந்தார். கீப்பருக்கு வந்த தாழ்வான ஷாட்களை மட்டும் வெட்டி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். கூடவே, இவன் ஹாக்கியிலிருந்து வந்தவன், காலால் நிறுத்துவது இவனுக்குப் பிழையில்லை, பெரும்பாலும் நிறுத்தியிருக்கிறான் பாருங்கள் என்றும் எழுதினேன். கிளிப் போதும், விளக்கம் வேண்டாம் என்று பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் போய்க் கத்துவது?

ஒரு நாள் மத்தியானம் அவனே விடுதியிலிருந்து கூப்பிட்டான்.

“சார், கைய வை, கைய வைன்னு ஏசுதாங்க. காலு முந்திக்கிட்டுப் போயிருது. நான் என்ன செய்யட்டும்?”

அனலிஸ்ட் ஆட்டக்காரனுக்குத் தனியாக எதுவும் சொல்லித்தரக் கூடாது என்பது விதி. விதியை விடுங்கள். காலையே போடு என்று நான் சொல்லி, அவன் அதைக் கேட்டு, அவர்கள் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டால்?

“அங்க சொல்லுதபடி செய்லே” என்றேன்.

“சரி சார்.”

கடைசி ஆட்டம். கோல் வாங்காமல் முடித்தாலே அணிக்குப் போதும், அவனுக்கும் போதும். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பக்கத்தில் கிடந்த போனில், அணியின் வாட்ஸப் குழுவில், 0-1 என்று வந்து விழுந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

என் திரையில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. அவன் கோலுக்கு முன்னால் நின்று கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். எதிரணி அப்போதுதான் பந்தை எடுத்தது. ஒரு பாஸ், இன்னொரு பாஸ். இதுவாக இருக்குமோ என்று ஒவ்வொன்றுக்கும் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தேன். பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து ஒருவன் தரையோடு ஒரு ஷாட் அடித்தான். வேகம்கூட இல்லை. நம்ம கீப்பரின் வலது கால் கிளம்பியது. கிளம்பியது, பாதியில் நின்றது. கைகள் கீழே இறங்கின. இரண்டுக்கும் நடுவில் பந்து போய்விட்டது.

“காலைக் குடுலே! காலைக் குடு!”

கீழேயிருந்து மனைவி, “யாரப் போட்டு இந்த ஏச்சு ஏசுதிய?” என்றாள். முடிந்துபோனதை ஏசிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்ல? திரையில் ஆட்டம் அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தது. நான் ‘கீப்பர் பிழை’ என்ற பட்டனை அமுக்கினேன். அமுக்காமல் விட்டால் மூத்தவர் அமுக்குவார்.

ஒப்பந்தத்தை நீட்டவில்லை. ஊருக்கு வந்த வாரமே அவன் என் வீட்டுக்கு வந்தான். மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, “அந்தக் கோலப் போடுங்க சார்” என்றான். போட்டேன். திரும்பப் போடச் சொன்னான். போட்டேன்.

“காலு போயிருந்தா நின்னுருக்கும்லா?”

நின்றிருக்கும் என்றால் அவனுக்கு வாழ்நாளெல்லாம் ஆறாது. நின்றிருக்காது என்றால் பொய். நான் படத்தை மறுபடி ஷாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“இன்னொரு தரம் போடுங்க.”

போட்டேன். ஷாட் கிளம்பியதும் மேசைக்கு அடியில் டொக்கென்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். அவனுடைய வலது கால் தானாக முன்னால் போய் மேசையில் முட்டிக்கொண்டு நின்றது. திரையில் பந்து உள்ளே போயிருந்தது.