திமிங்கிலத்தை விரிக்க ஒரு மாடி

என் சித்தி நாடக மேடைகளுக்குத் திரை தைப்பவள். கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே உட்கார்ந்து, துண்டு துண்டாக மடியில் போட்டுத் தைப்பாள். முழுசாக விரித்துப் பார்க்க வீட்டில் இடம் ஏது? மேடையில் தொங்கவிட்ட பிறகுதான் எது எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும். போன தடவை அவள் தைத்த பருந்துக்குச் சிறகு கழுத்திலிருந்து முளைத்திருந்தது. நாடகமோ சோக நாடகம். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சித்திக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து வந்தது திமிங்கிலம், மேடையையே அடைக்கும் அளவில். "மொட்டை மாடியில விரிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாடியின் நட்டநடுவிலோ, கக்கூஸ் குழாயின் காற்றுப்போக்கி ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

"அறுத்து மூடிட்டா வேலை முடிஞ்சுது" என்றார் சித்தப்பா. எதற்கும் அவரிடம் ஒரு சுலப வழி உண்டு.

சித்தியின் தம்பி பிளம்பர். அவர் தலையாட்டி மறுத்தார். "வீடே நாறிடும் மச்சான். தண்ணி இறங்குறப்ப காத்தை இழுக்கும். மேலேருந்து காத்து வரலைன்னா, கோப்பைக்கு அடியில நிக்கிற தண்ணிய உறிஞ்சிட்டுப் போயிடும். அப்புறம் சாக்கடை வாடை நேரா உங்க மூக்குக்குத்தான். பாதைய மாத்தலாம், மூடக் கூடாது."

மொட்டை மாடிக்கு நேர்கீழே இருந்த குளியலறையில், கூரைக்குச் சற்றுக் கீழே குழாயை அறுத்தார். "அக்கா, இதுமேல கைய வை. மச்சான், கீழே கக்கூஸ்ல ஒரு வாளி ஊத்துங்க!"

கீழே தண்ணீர் இறங்கியதும் சித்தியின் உள்ளங்கையைக் குழாய் உள்ளே இழுத்தது. வெடுக்கென்று கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"உசிரோட இருக்குடா இது! நான் பாட்டுக்கு இதுல கொடி கட்டித் துணி காயப்போட்டுட்டு இருந்திருக்கேனே! ஏங்க, இன்னொரு வாளி!"

சித்தப்பா சலிக்கும்வரை ஊற்றினார்.

உள்ளே சேரும் ஈரம் திரும்பி வழிய வாட்டம் கொடுத்து, கூரையை ஒட்டியே குழாயைக் கொண்டுபோனார் தம்பி. ஜன்னல் இல்லாத பின்சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி உயர்த்தினார். மாடியில் நின்ற பழைய குழாயை எடுத்து, அந்த ஓட்டையைப் பூசி, தண்ணீர் கட்டி வைத்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே மாடியை விட்டுக்கொடுத்தார்.

ஒரு காலையில் எல்லோருமாகச் சேர்ந்து திரையை விரித்தோம். சித்தி தண்ணீர்த் தொட்டிமேல் ஏறித் திரும்பினாள்.

மாடி முழுக்கத் திமிங்கிலம். மெஷினோரம் தைத்த கண், கட்டிலோரம் தைத்த முதுகு, எல்லாம் ஒரே உடம்பாகக் கிடந்தன. ஒரு துடுப்பு மட்டும் தலைகீழ். அதைப் பிரித்துத் தைத்துவிடலாம். அப்போது அடியில் காற்று புகுந்தது. அந்தப் பெரிய நீல முதுகு மெல்ல எழும்பியது. ஓரங்களைப் பிடிக்க ஓடிய நாங்கள் பாதியில் அப்படியே நின்றுவிட்டோம்.

"இதையா நான் தைச்சேன்?" சித்தியின் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வெயில் ஏறுது, இறங்கு" என்றார் சித்தப்பா.

"இருங்க. கண்ணு இன்னும் வால் பக்கம் போகல."