நீல மணலைக் கலைத்தது யார்?

அந்தக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் எது இடம் மாறினாலும் எல்லோருடைய பார்வையும் முதலில் சல்லடை அக்காவிடம்தான் போகும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தன் ஃபிளாஸ்கிலிருக்கும் டீயை யாரும் தொடக் கூடாதென்று அதன்மேல் 'விஷம்' என்று சீட்டு ஒட்டியவர் அவர். சோதனைக்கு வந்த மேலதிகாரியின் ஷூவுக்குள் ஒரு நண்டு குடியேறிய விவகாரமும் உண்டு. அது தானாகப் போனது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

சேறு அலசுவது அவர் வேலை. கடல் ஏறி இறங்கும் சேற்றுவெளியிலிருந்து வாளி வாளியாக வருவதைச் சல்லடையில் கொட்டி, தண்ணீரைப் பீய்ச்சி, மிஞ்சுகிற புழு, சிப்பி, நண்டுக்குஞ்சு எல்லாவற்றையும் எண்ணிச் சீசாவில் அடைப்பார். பதினெட்டு வருஷமாக இதே வேலை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்த சோப்புக்கும் மசியாது.

அங்கே மாற்றலாகி வந்தார் ஒரு விஞ்ஞானி. சட்டைப் பையில் எப்போதும் ஸ்கேல் இருந்ததால் வந்த வாரமே 'அளவு சார்' ஆகிவிட்டார். வருஷத்துக்கு எவ்வளவு வண்டலைக் கடல் கொண்டுவந்து போடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் அவருக்கு. சேற்றுவெளியில் பன்னிரண்டு இடங்களில் நீலச் சாயம் ஏற்றிய மணலைப் பரப்பினார். சில மாதம் கழித்துத் தோண்டினால், நீலத்துக்கு மேலே இருப்பதெல்லாம் கடல் போட்டது. காகிதத்தில் கச்சிதமான திட்டம்.

நாலு மாதம் கழித்துத் தோண்டினார். ஓரிடத்தில் நீலம் அரைச் சாண் ஆழத்தில் திட்டுத்திட்டாகக் கிடந்தது. இன்னோரிடத்தில் நண்டு வளை வாசலில் உருண்டை உருண்டையாகச் சிதறியிருந்தது. மற்ற இடங்களில் மேலும் இல்லை, கீழும் இல்லை, எங்கும் கொஞ்சம் கொஞ்சம்.

முழங்கால்வரை சேற்றோடு நேராக அலசும் கொட்டகைக்கு வந்தார்.

"யாரோ நல்லா நோண்டி விட்டிருக்காங்க," என்றார். யாரோ என்று சொன்னபோது கண் அக்காவை விட்டு நகரவில்லை.

"சார், சத்தியமா நான் இல்ல."

"நண்டு விஷயத்துலயும் இப்படித்தான் சொன்னீங்களாமே?"

செய்த குறும்புகளில் எல்லாம் சிரித்தே தப்பிய அக்காவுக்கு, செய்யாததில் மாட்டிக்கொண்டது பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். அவர் தச்சர், சீவிக்கொண்டிருந்த பலகையை வைத்துவிட்டு அக்கறையாகக் கேட்டார்: "என்கிட்டயாவது உண்மையச் சொல்லு. லேசா நோண்டினியா?"

அன்று அவர் முன்னால் சாப்பாட்டுத் தட்டு வைக்கப்பட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

குற்றவாளி யாரென்று அக்காவுக்குத் தெரியும். தினமும் அவர் விரல் வழியாகத்தானே போகிறது! சேற்றுப்புழு தலையைக் கீழே வைத்து மணலைத் தின்னும். வாலை மேலே நீட்டி அதைக் கழிக்கும். தலைப்பக்கம் காலியான இடத்தில் மேல்மணல் சரிந்து இறங்கும். ஆனால் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதுவும் அவர் சொன்னால்?

தட்டுச் சத்தத்துக்குப் பரிகாரமாகக் கணவர் ஒரு பழைய மீன்தொட்டியின் நடுவே தடுப்பு வைத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் சலித்த ஒரே சேறு, மேலே மெல்லிசாக நீல மணல், அதற்குமேல் கடல்நீர். இடப்பக்கம் மட்டும் ஆறு புழுக்கள். காற்றுக்குழாய் நுழைய இடம் விட்டு மூடி, டேப் ஒட்டி, அளவு சாரின் மேஜைமேலேயே வைத்தார் அக்கா.

"டேப்புமேல நீங்களே கையெழுத்துப் போடுங்க சார். ரூம் சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

மூன்று வாரம் அந்த அறைப்பக்கம் அக்கா ஒதுங்கவில்லை. வெளியே ஜன்னலைக் கடக்க நேர்ந்தால் மட்டும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தார்.

முதல் நாள் அளவு சார் தொட்டியை அலட்சியப்படுத்தினார். மூன்றாம் நாள் ஒரு வால்நுனி எட்டிப் பார்த்து, நூல்சுருள்போல மணலைப் பிழிந்துவிட்டு உள்ளே போனது. கடிகாரத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் மறுபடி ஒன்று. ஸ்கேல் வெளியே வந்தது. அதன்பிறகு இரண்டு கூட்டங்களுக்கு அவர் போகவில்லை; தலைவலி என்று சொல்லியனுப்பினார்.

மூன்று வாரம் முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டார். வலப்பக்கம் நீலம் கோடு போட்டதுபோல அப்படியே இருந்தது. இடப்பக்கம் மேலே சாம்பல் சுருள்கள். நீலம் கீற்றுக் கீற்றாகக் கீழே இறங்கியிருந்தது.

"ஆறு புழு இவ்வளவு செஞ்சிருக்கு," என்றார் மெதுவாக. "வெளில எத்தனை இருக்கும்?"

"ஒரு சதுர மீட்டருக்கு முப்பது, நாப்பது. எண்ணினது நான்தானே சார். நண்டு தனி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கங்கம்மா."

"எனக்கென்ன சார். அதுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுங்க உழைப்பைத்தான நோண்டல்னு சொல்லிட்டீங்க."

அளவு சார் வேடிக்கை புரியாத மனிதர். தொட்டிப் பக்கம் குனிந்து உண்மையிலேயே சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை, அடக்கியதில் தட்டச்சர் அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது.

திட்டம் மாறியது. நீல மணலுக்குப் பதில் இரும்புக் கம்பிகள் நட்டு, சேற்றின் மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அளந்தார்கள். புழுக்களுக்கென்று அறிக்கையில் தனி அத்தியாயம் வந்தது. எண்ணித் தந்தவர் என்று அக்காவின் பெயரும் அச்சேறியது. கணவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "எழுத்துப்பிழை இல்ல," என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

ஆறு புழுக்களையும் அக்காவும் அளவு சாருமாக ஒரு வாளியில் எடுத்துப்போய், நீர் வற்றிய நேரத்தில் சேற்றில் விட்டார்கள். ஐந்து சட்டென்று தலையைக் குத்தி மறைந்தன. கடைசிப் புழு மட்டும் வெகுநேரம் நெளிந்துகொண்டு கிடந்தது.

"சோம்பேறி," என்றார் அக்கா.

அளவு சார் நோட்டைத் திறந்து அதையும் குறித்துக்கொண்டார்.