பையப்பனஹள்ளி அவுட்டரில் ரயில் நின்ற சனிக்கிழமை

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். முதல் நாளே அக்காவிடம் சொன்னேன்: "பாரு, அந்த ரயிலு பையப்பனஹள்ளி அவுட்டர்ல ஒரு வேலை காட்டும்." காட்டியது. இருபத்திரண்டு வருஷமாக கோலார் தங்கவயலிலிருந்து பீன்யா ஃபேக்டரிக்கு ரயிலில் போய்வருகிறவன் நான். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் டைம்டேபிள் மாற்றும்போது ரயில்வேக்காரர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதது அவர்கள் நஷ்டம்.

போன காரணம் இதுதான். அக்கா மகள் சுஜாதா ஒன்பதாவது, கணக்கில் புலி. பெங்களூரில் ஒரு யூனிவர்சிட்டி சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறது. அரசுப் பள்ளியில் கணக்கில் கெட்டியான ஒரு பிள்ளையும் அந்தப் பிள்ளையின் டீச்சரும் ஜோடியாகத்தான் சேர முடியும். பிள்ளைக்கு ஒரு ரூமில் புதுக் கணக்கு, டீச்சருக்குப் பக்கத்து ரூமில் அதைச் சொல்லிக்கொடுக்கும் விதம். பன்னிரண்டு சனிக்கிழமை, ஃபீஸ் கிடையாது. ஆனால் முதல் நாள் ஒன்பதரைக்குள் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். தவறினால் இடம் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிற அடுத்த ஜோடிக்கு. எங்கள் தாலுக்காவில் இவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. (மாநிலத்திலேயே என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன்.) அக்காவுக்குச் சனிக்கிழமையும் கார்மென்ட்ஸில் ஷிஃப்ட். கூட்டிப்போகிற பொறுப்பு எனக்கு வந்தது.

காலை 6.05க்கு உரிகம் ஸ்டேஷனில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். அவளுடைய டீச்சர் விமலா பங்காருப்பேட்டையில் 6.35க்கு லேடீஸ் கோச்சில் ஏறுவதாக ஏற்பாடு. ஏறுவதற்கு முன் எங்கள் ஜன்னலுக்கு வந்தார். 

"அங்க எங்களையும் போர்டுல கணக்கு போடச் சொல்வாங்களாம்ணா. நான் பி.எட். முடிச்சி பதினேழு வருஷம் ஆச்சி."

"பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல."

நான் இருந்து என்ன கணக்குப் போடப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. "பையப்பனஹள்ளி பிளாட்ஃபாரத்துல பாக்கலாம்" என்று போய்விட்டார்.

டேக்கல் ஸ்டேஷன் தாண்டியதிலிருந்து சுஜாதா என் வாட்ச்சையே பார்த்துக்கொண்டு வந்தாள். "மாமா, நாம லேட்டானா டீச்சருக்கும் போயிடும்ல?" இதையே நான்கு தடவை கேட்டாள். நான் நான்கு தடவையும் சிரித்தேன். 

கிருஷ்ணராஜபுரம் 8.12. பையப்பனஹள்ளி ஸ்டேஷனுக்கு வெளியே, அவுட்டரில் 8.20க்கு நின்றது. என்ஜின் ஃபெயில். கார்டே இறங்கிவந்து இரண்டு மணி நேரம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார். வேறு வழி இல்லாமல் இறங்கினோம். பிளாட்ஃபாரத்துக்கு எண்ணூறு மீட்டர் இருக்கும்.

ரயில் படியிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று பிளாட்ஃபாரத்தில் இறங்குகிறவர்களுக்குத் தெரியாது. சுஜாதா குதித்ததில் முட்டி கிழிந்தது. ஜல்லி காலுக்கடியில் சரிகிறது. இருநூறு அடி போயிருப்போம், ஆரஞ்சு சட்டை போட்ட லைன்மேன் ஒருத்தர் எதிரிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். "ரீ! ட்ரெயின் பர்த்தா இதெ! ஈ கடெ பன்ரீ!" ரயில் வருகிறது, இந்தப் பக்கம் வாங்க என்கிறார்.

அவர் கைகாட்டிய பக்கம் போக நேரமில்லை. ஒரு பக்கம் எங்கள் ரயில், மறு பக்கம் எக்ஸ்பிரஸ். நடுவில் ஒரு சிக்னல் கம்பம். சுஜாதாவை அதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நாற்பது பெட்டியாவது போயிருக்கும். காற்று அவள் பையைப் பிடித்து இழுக்கிறது. அவள் வாய் திறந்திருந்தது. கத்துகிறாள் என்று தெரிந்தது, சத்தம்தான் கேட்கவில்லை. இவள் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்ற ஒரே யோசனை.

அது போனதும் எங்கள் ரயில் ஹாரன் அடித்து நகர்ந்தது. ரிப்பேரை அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டார்கள், ரயில்வேயைக் குறை சொல்லக்கூடாது. லேடீஸ் கோச் எங்களைத் தாண்டியபோது ஜன்னலில் விமலா டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பிளாட்ஃபாரம் 8.47. டீச்சர் ஓடிவந்து சுஜாதாவின் முட்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். "உங்ககிட்ட அப்பறம் பேசறேண்ணா" என்றார்.  மெட்ரோ 8.55, இறங்கியது 9.20, அங்கிருந்து ஓட்டம். கவுன்ட்டரில் 9.27. சுஜாதா விரல்களுக்குப் பேனா நிற்கவில்லை, இரண்டு தடவை கீழே விழுந்தது.

அங்கே இருந்த மேடம் தமிழில் கேட்டார்: "ஏம்மா இப்படி நடுங்குற?"

சுஜாதா என்னைப் பார்த்தாள். பிறகு, "ரயிலு என்ஜின் ஃபெயில் மேடம், நடந்து வந்தோம்" என்றாள். டீச்சர் தரையைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டார். மணி 9.29.

சாயங்காலம் நாலுக்கு இருவரும் வெளியே வந்தார்கள். டீச்சர் கையெல்லாம் சாக்பீஸ் தூள். "போர்டுல போட்டேன்ணா. தப்பாத்தான் போட்டேன். ப்ரொஃபசர் சிரிக்கவே இல்ல, இந்தத் தப்புலேர்ந்தே இன்னிக்கி பாடத்த ஆரம்பிக்கலாம்னுட்டார்." அப்புறம் பேசறேன் என்று சொன்னதையும் பேசினார்: "அடுத்த வாரத்துலேர்ந்து சுஜி என்கூட லேடீஸ் கோச்ல வருவா." நான் தலையாட்டினேன்.

போகிறவர்களுக்கு: 6.05 ரயிலே போதும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், சனிக்கிழமை உள்ளே கேன்டீன் மூடி. மெட்ரோவுக்குச் சில்லறை வையுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகளுக்காக வெளியே காத்திருந்தபோது மாலூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எட்டாவது படிக்கிற மகளைக் கூட்டிவந்திருந்தார். "தினமும் வர்ற ஆளு நீங்க, சீக்கிரம் வர ஏதாச்சும் ஐடியா சொல்லுங்க ப்ரதர்" என்றார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அவுட்டர்ல நின்னா இறங்கிடுங்க, கால் மணி நேரம் மிச்சம்" என்றேன். என் வாய் அப்படி. அவர் அடுத்த வாரமே செய்வதாகச் சொல்லிப் போய்விட்டார். அவர் பேரும் தெரியாது, நம்பரும் தெரியாது. இதை எழுதுவதே அவருக்காகத்தான். வகுப்புக்கு வருகிற பெற்றோர் யாராவது படித்தால் அவரிடம் காட்டுங்கள்.

மாலூர்க்காரரே, இறங்காதீர்கள். உட்கார்ந்தே இருந்திருந்தால் நாங்கள் 8.33க்குப் பிளாட்ஃபாரத்தில் இருந்திருப்போம். என்ஜின் ஃபெயில் ஆகவில்லை, கார்டு யாரும் வரவில்லை. அது தினமும் நிற்கிற சிக்னல், ஃபேக்டரி ஆட்கள் நாங்கள் தினமும் குதிக்கிற இடம். சுஜாதா வேண்டாம் மாமா என்றாள். என்ஜின் கதைகூட என்னுடையது இல்லை, என்னைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை சொன்னது. "இறங்கு" என்று சொன்னது மட்டும்தான் நான்.