யார் கை நீட்டினாலும்

இரும்பாலையில் கிரேன் ஓட்டினவன் நான். இப்போது திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறேன். பௌர்ணமி வந்தாலே எனக்கு எரிச்சல். கூட்டத்தைச் சொல்லவில்லை, சவாரி கசக்குமா என்ன? செங்கம் ரோட்டில் போலீஸ்காரர் எந்த பஸ்ஸையாவது நிறுத்தக் கை நீட்டினால் என் கால் பிரேக்கை மிதித்துவிடும். பூக்காரம்மா கூடைமேல் ஈ ஓட்டினாலும் மிதித்துவிடும். பின்னால் இருப்பவர்கள் கம்பியில் மோதிக்கொண்டு, "யோவ், உன்னையா நிறுத்தச் சொன்னாங்க?" என்று கத்துவார்கள். அவர்களுக்கு என்னத்தைச் சொல்ல?

நான் ஓட்டிய கிரேன் ரோட்டில் போகிற வண்டி இல்லை. ஆலைக் கொட்டகையின் உச்சியில், இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டு அதன்மேல் ஓடுகிற பாலம். பாலத்தின் அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் நான். கொக்கியில் தொங்குவது டன் கணக்கில் இரும்பு. அந்த இரைச்சலில் பேச்சு காதில் விழாது, எல்லாம் கைதான். கீழே நிற்பவர் விரலை மேலே சுழற்றினால் தூக்கு, கீழே சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டி ஆட்டினால் நிறுத்து. தூக்கு, இறக்கு என்று ஒருவர்தான் சொல்லலாம். நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தரை பெருக்குகிறவர் கை நீட்டினாலும் நிறுத்த வேண்டும். ஏன், எதற்கு என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

எனக்குக் கை காட்டியவர் என் தங்கை புருஷன். இரண்டு பேர் வீடும் அடி அண்ணாமலையில் ஒரே தெருவில். லீவில் வந்தால் அந்த மனுஷன் சாப்பாட்டிலும் கிரேன் ஓட்டுவார். விரலைச் சுழற்றினால் இன்னும் கொஞ்சம் குழம்பு. உள்ளங்கையை நீட்டினால் சோற்றை நிறுத்து. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று தங்கை தலையில் அடித்துக்கொள்வாள். அவர்கள் பெண் பேச்சு வருவதற்கு முன்பே விரலைச் சுழற்றக் கற்றுக்கொண்டாள்.

ஒரு பகல் ஷிஃப்டில் கம்பிக் கட்டின் சங்கிலி நழுவியது. அவர் போய்விட்டார். கூண்டிலிருந்து இறங்கிய நான் மறுபடி ஏறவில்லை. என்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். சொல்லிவிட்டால் ஆயிற்றா? மனசு கேட்க வேண்டாமா?

அதற்குப் பிறகு தங்கை வீட்டில் யாரும் கை நீட்டிச் சோற்றை நிறுத்தியதில்லை. தட்டைத்தான் இழுத்துக்கொள்வோம். பேசிவைத்துச் செய்ததல்ல, தானாக நின்றுபோனது. ஆனால் கரண்டியோடு குனிகிற தங்கை சட்டென்று நிறுத்தி, அவர் உட்காரும் இடத்தைப் பார்ப்பாள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

போன மாசம் ஒரு மத்தியானம், அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டிப்ளமா முடித்த தங்கை மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. வேறொரு இரும்பாலையில், கிரேன் ஓட்டுகிற வேலையேதான்.

"கூண்டெல்லாம் இல்ல மாமா. ஏசி ரூம்ல உக்காந்து ஸ்க்ரீன்ல பாத்து ஓட்டறது. கீழ ஆளே நிக்க மாட்டாங்க" என்று போனில் ஒரு வீடியோ காட்டினாள்.

காலிக் கொட்டகை. பெரிய இரும்புச் சுருள் ஒன்று தன்பாட்டுக்கு அந்தரத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரு ஈ காக்கை இல்லை. என் கண் மட்டும் தரையில் ஒருவரைத் தேடிக்கொண்டே இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தங்கை சோற்றுக் கரண்டியோடு நின்றாள். "அண்ணா, இத்தன வருசமா நான் கேக்கல. கடைசியா அவரு என்ன கை காட்டினாரு? தூக்குன்னா, நிறுத்துன்னா? அதச் சொல்லு. அப்புறம் இவள அனுப்பறதா வேணாமானு பாக்கறேன்."

தூக்கு என்றால் அவர் தப்பு. நிறுத்து என்றால் என் தப்பு. அடிப்பாவி, இதை மனசில் வைத்துக்கொண்டா இவ்வளவு நாள் எனக்குச் சோறு போட்டாய்!

இரண்டு கையையும் அகல நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, வேகமாக ஆட்டினேன். உடனே நிறுத்து என்று அர்த்தம். அவள் கரண்டி அப்படியே நின்றது.

"நீ நிறுத்துனியா?"

"உடனே நிறுத்திட்டேம்மா. கிரேன் நின்னுடுச்சு. லோடு நிக்கல. நழுவி இவரு பக்கமா வந்துடுச்சு."

"ஓடியிருக்கலாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

"ஓடியிருக்கலாம். சங்கிலி நழுவறத முதல்ல பாத்ததே அவருதான். ஆனா லோடு போற வழியில ஒருத்தன் எதையும் பாக்காம நடந்து வந்துட்டிருந்தான். கைய இறக்கினா நான் மறுபடி நகத்திடுவேன்னு, அவன் தாண்டற வரைக்கும் இவரு இறக்கல."

"அந்த ஆளு?"

"உசுரோட இருக்கான்."

தங்கை அழுதாள். நானும் எச்சில் கையோடு அழுதேன், வெட்கமென்ன. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"போய்ட்டு வா. ஆனா யாரு கை நீட்டினாலும் நிறுத்திடணும்."

"அங்க கை நீட்ட யாருமே இல்லம்மா."

"இருப்பாரு" என்றாள் தங்கை. "பாத்து நிறுத்து."